டொல்பின் வானும் படுவான்கரையும்: ஓட்ட ஆசைக்கு ஒரு சின்ன வரலாறு

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறக்கப்பட்டபோது எங்கள் கூட்டத்துக்குள் ஒரு சண்டை வந்தது. ஐந்து வருசமாகப் பூட்டிக் கிடந்த கதவு அது. புது வாகனம் வாங்க எங்களில் ஒருத்தரிடமும் காசில்லை. காசில்லாதவனுக்குத்தானே வாகனத்தைப் பற்றிக் கதைக்க நேரம் அதிகம். உன்னிச்சைக் குளக்கட்டில் இருந்துகொண்டு ஒருத்தன் சொன்னான்: "ஓட்ட ஆச இருக்கிறவன் கார் வாங்குவான், இல்லாட்டி பைக் வாங்குவான். வான் எண்டுறது ஆக்கள் ஏத்த, சாமான் ஏத்த. அதுல என்ன கா ஓட்டம் கிடக்கு?"

பக்கத்தில் இருந்தவனின் அப்பா 20 வருசத்துக்கு மேல் வான் ஓட்டினவர். 1992ஆம் ஆண்டு டொல்பின் ஒன்று இப்பவும் அவர்கள் வீட்டு முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே நிற்கிறது. அவன் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டான். இரண்டு நாள் ஒருத்தரோடும் கதைக்கவில்லை. மறுகா வந்து, "அப்பாவுக்கு இனி ஓட ஒண்ணா. வானை விக்கப் போறம். அதுக்கு முதல் அதப் பத்தி எழுதுவம்" என்றான். அப்படித்தான் இந்தக் கட்டுரை வந்தது. எழுதத் தொடங்கியபோது இது ஒரு வாகனக் கதையாக இருக்கும் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

முதலில் அரசாங்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம்மட நாட்டில் வானைப் பதிகிற வகைக்குப் பெயர் 'டுவல் பேர்பஸ்'. இரட்டைப் பாவனை வாகனம். ஆளும் ஏறலாம், சாமானும் ஏறலாம் என்பதுதான் அதன் அர்த்தம். ஓட்டுகிறவனின் சந்தோசம் என்று மூன்றாவது பாவனை ஒன்று எந்த வாகனப் புத்தகத்திலும் இல்லை.

இன்னொரு சொல்லையும் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம் இருப்பது எழுவான்கரை, மேற்கே வயலும் காடும் குளமுமாக இருப்பது படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. உன்னிச்சை படுவான்கரையில், வவுணதீவு தாண்டி, ஆயித்தியமலையும் தாண்டி இருக்கிறது. மட்டக்களப்பு நகரத்திலிருந்து 30 கிலோமீட்டர்கூட வராது. ஆனால் அந்தத் தூரம் எந்தக் காலத்திலும் கிலோமீட்டரில் அளக்கப்பட்டதில்லை. மாரியில் எத்தனை இடத்தில் தண்ணி, கிரவல் எவ்வளவு கரைஞ்சு போச்சு, வலையிறவுப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் எவ்வளவு நேரம், யானை வருமா என்றுதான் அளப்பார்கள். படுவானில் இருக்கிற 'வான்' வானம்தான். ஆனாலும் படுவான்கரைக்கு எழுவான்கரையைக் கிட்டவாக்கினது மற்ற வான்தான் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு பகிடி உண்டு.

வான் வர முதல் இங்கே மாட்டு வண்டி, பிறகு உழவு இயந்திரம். வயலை உழுத அதே மெஷின் பெட்டியைக் கொழுவிக்கொண்டு கலியாணத்துக்கும் போனது, ஆஸ்பத்திரிக்கும் போனது. வடக்கில் அந்தக் காலத்தில் தட்டிவான் ஓடியது. லொறிச் சட்டத்தில் மரக்கூடு அடித்து, பின்னுக்குத் தட்டி வைத்த வாகனம். பெயரில் வான் இருந்தாலும் அது வேறு சாதி. பஸ் என்று பார்த்தால், 1958இல் பஸ் சேவைகள் எல்லாம் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குக் கீழே வந்தன. 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறக்கப்பட்டது. 1979இல் தனியார் பஸ்ஸுக்குத் திரும்ப அனுமதி வந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் யப்பானில் ஓடி முடிந்த வான்கள் கப்பல் ஏறி வரத் தொடங்கின. முதலில் ஓடிய தனியார் 'மினி பஸ்'களில் பலதும் உண்மையில் வான்தான், உள்ளே வாங்கு கூட்டிப் போட்டது.

அந்த வான்களுக்கு நம்ம நாட்டவர்கள் வைத்த பெயர்கள் தனி அழகு. டொயோட்டா கம்பனி ஹயஸ் வானை முதலில் 1967இல் இறக்கியது. 1982இல் வந்த மொடலுக்கு இங்கே 'ஷெல்' என்று பெயர். 1989இல் வந்தது 'டொல்பின்'. 2004இல் வந்தது 'கேடிஎச்'. டொல்பின் என்ற பெயரை யப்பான்காரனிடம் சொன்னால் முழிப்பான். மழுங்கின முகமும் வழுக்கின உடம்பும் பார்த்து யாரோ வைத்திருக்க வேண்டும். கடலுக்கும் உன்னிச்சைக்கும் இடையில் ஒரு முழு வாவி கிடக்கிறது, ஆனாலும் எங்கட சின்னப் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொண்ட டொல்பின் மீன் அல்ல.

சரி, சண்டைக்கு வருவோம். வானில் ஓட்டம் இருக்கா?

உலகம் இதைக் கேட்காமல் இல்லை. ஜெர்மனியில் 1950இல் வொக்ஸ்வேகன் கம்பனி தன் சின்ன வானைச் செய்யத் தொடங்கியபோது அது பாணும் பாலும் ஏற்றத்தான். கொஞ்ச வருசத்தில் இளைஞர்கள் அதை வீடாக்கி ஊர் சுற்றினார்கள். அமெரிக்காவில் 1983 கடைசியில் கிறைஸ்லர் கம்பனி குடும்பத்துக்கென்று 'மினிவான்' இறக்கியது. நன்றாக விற்றது. ஆனால் அதை ஓட்டுகிறவன் வாழ்க்கையில் ஆசையை எல்லாம் விட்டவன் என்ற பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது. பிரான்சில் 1994இல் ரெனோ கம்பனி எஸ்பாஸ் என்ற குடும்ப வானுக்குள் போர்மியூலா வன் பந்தயக் காரின் 10 சிலிண்டர் எஞ்சினை வைத்துக் காட்டியது. அது காட்சிக்குச் செய்தது, சந்தைக்கு வரவில்லை. எங்களுக்குப் பிடித்தது சபீன் ஷ்மிட்ஸின் கதை. ஜெர்மனியின் நூர்பர்கிரிங் பந்தயப் பாதை 20 கிலோமீட்டருக்கும் கூட, வளைவுக்கு மேல் வளைவு. 2005இல் பிபிசியின் டொப் கியர் நிகழ்ச்சிக்காக அந்த அக்கா டீசல் போர்ட் டிரான்சிட் வானில், சாமான் ஏற்றுகிற வானில்தான், அதை 10 நிமிசம் 8 செக்கனில் சுற்றினார். 10 நிமிசத்துக்குள் முடிப்பதுதான் இலக்கு. 8 செக்கன் பிந்திவிட்டது. ஆனாலும் அந்த வீடியோவில் அவர் முந்திப்போகிற வாகனங்களைப் பார்த்தவன் வானைப் பற்றி வாய் திறக்க மாட்டான்.

இதை எல்லாம் நண்பனின் அப்பாவிடம் போனில் காட்டினோம். அவர் முழுக்கப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "பின்னுக்கு ஆர் இருந்த?"

ஒருத்தரும் இல்லை மாமா, என்றோம்.

"அப்ப லேசு" என்றார்.

அன்று பின்னேரம் முழுக்க அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நாங்கள் படித்த எந்த வாகன விமர்சனத்திலும் இல்லாத விசயங்கள். டொல்பினில் எஞ்சின் இருப்பது முன் இருக்கைக்குக் கீழே. உலை மேல் இருந்து ஓட்டுகிற மாதிரி, வெயில் நாளில் தொடை அவியும். முன்னுக்கு மூக்கு இல்லை. றைவர் கிட்டத்தட்ட முன் சில்லுக்கு மேலேயே இருக்கிறார். அதனால் காரில் திருப்புகிற இடத்தில் வானைத் திருப்ப ஒண்ணா. நீங்கள் வளைவுக்குள் போன பிறகுதான் ஸ்டியரிங்கை வெட்ட வேண்டும். புதுசாகப் பழகுகிறவன் எல்லாரும் முந்தித் திருப்பி உள் பக்கத்துக் கானுக்குள் விடுவது இதனால்தான். இது பழகிவிட்டால் ஒரு ருசி இருக்கிறதாம். ரோட்டு உங்கள் முழங்காலுக்குக் கீழே ஓடி வருகிற மாதிரி இருக்குமாம். ஆயித்தியமலைப் பக்கம் இரவில் யானை குறுக்கே நிற்கும்போது அதே மூக்கில்லாத முகம் வேறு மாதிரி ருசிக்கும் என்று சிரித்தார். லைட்டை மங்கலாக்கி, எஞ்சினை நிறுத்தாமல், பின் கியரில் சத்தமில்லாமல் வளைந்து வளைந்து 100 மீட்டர் வந்திருக்கிறாராம். உள்ளே 12 பேர்.

அடுத்தது பின் பக்கம். முன்னுக்கு முறுக்குக் கம்பி, பின்னுக்கு இலைவில். இந்த இலைவில் பாரம் சுமக்கச் செய்தது. வெறும் வான் கிரவலில் துள்ளும், வளைவில் பின் பக்கம் வழுக்கும். ஆள் ஏறினால் அமரும். எட்டுப் பேர் ஏறிவிட்டால் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். எங்களுக்கு இது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. வானை நன்றாக ஓட்ட வேண்டும் என்றால் அதற்குள் ஆட்கள் இருக்க வேண்டும். ஓட்ட ஆசை ஒரு பக்கம், பிரயோசனம் மறுபக்கம் என்று பிரித்துத்தான் நாங்கள் குளக்கட்டில் சண்டை பிடித்தோம். டொல்பினின் இலைவில்லுக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

'இனிஷியல் டி' என்ற யப்பான் சித்திரக்கதை எங்களில் பலர் பார்த்தது. 1995இல் ஷூய்ச்சி ஷிகேனோ வரையத் தொடங்கினார். டோஃபு கொண்டுபோய்க் கொடுக்கிற பையன் காரில் ஒரு குவளைத் தண்ணி வைத்து, அது சிந்தாமல் மலைப்பாதை இறங்கப் பழகுவான். மாமாவுக்கு இந்தக் கதை தெரியாது. ஆனால் அவர் சொன்ன குவளை வேறு: சேலைன் போத்தல். கிராமத்து ஆஸ்பத்திரியிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு ஏற்றும்போது, அம்புலன்ஸ் வேறு இடம் போயிருந்தால், வானில் மேல் கம்பியில் போத்தலைக் கட்டுவார்கள். கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். போத்தல் ஆடுகிற ஆட்டத்தில் தெரியும் என்ன ஓட்டம் ஓடுகிறோம் என்று. "பிள்ளப்பெறப் போற புள்ளய ஏத்தினா வேகமாவும் போகணும், குலுக்கவும் ஒண்ணா. அதுதான் கா ஓட்டம். மத்ததெல்லாம் விளையாட்டு." கிரவல் குழிக்குள் பிரேக் அடிக்காமல், முன்னரே கியர் குறைத்து, எஞ்சின் இழுவையில் இறங்குவது. தண்ணிக்குள் முதல் கியரில் ஒரே சீராக அக்சிலேற்றரைப் பிடித்துப் போவது. இடையில் காலை எடுத்தால் சைலன்சருக்குள் தண்ணி ஏறும், காற்று இழுக்கிற வாய்க்குள் தண்ணி போனால் எஞ்சின் முடிந்தது. 2011 சனவரி வெள்ளத்தில் அந்த ஓட்டத்தைத் தான் கடைசியாக நன்றாக ஓடியதாகச் சொன்னார்.

அவர் அந்த வானை வாங்கியது 2003இல். 2002 பெப்ரவரி யுத்த நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதைகள் கொஞ்சம் மூச்சு விட்ட காலம். அதற்கு முதல் படுவான்கரையில் வான் வைத்திருப்பதே ஒரு சாகசம். டீசல் அளவாகத்தான் உள்ளே வரும், பற்றரிக்கும் தடை இருந்த காலங்கள் உண்டு. 2003க்குப் பிறகு டொல்பினுக்கு ஓய்வே இல்லை. கதிர்காமம், உகந்தை, மாமாங்கம், ஆயித்தியமலை மாதா திருவிழா. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிற அக்காமாரை இரவோடு இரவாகக் கட்டுநாயக்கவுக்குக் கொண்டுபோகிற எயார்போட் ஓட்டம். போகும்போது வானுக்குள் அழுகைச் சத்தம், வரும்போது ஒருத்தரும் கதைக்க மாட்டார்கள். மன்னம்பிட்டியில் அப்போதெல்லாம் புகையிரதமும் வாகனமும் ஒரே பாலத்தில்தான், கேற் போட்டால் காத்துக் கிடக்க வேண்டும். சுனாமி அடித்த மறுநாள் அந்த வான் அரிசியும் சாரமும் ஏற்றிக்கொண்டு எழுவான்கரைக்குப் போனது. 'வான் பிடிக்கிறது' என்றால் நம்ம ஊரில் வாடகைக்கு எடுப்பது. நல்ல காரியத்துக்கு வான் பிடிப்போம், கெட்ட காரியத்துக்கும் வான் பிடிப்போம்.

2006க்குப் பிறகு அந்தச் சொல் திரும்பியது. வான் பிடிப்பது போய், வான் வந்து பிடிப்பதாயிற்று.

'வெள்ளை வான்' என்றால் என்ன என்று இந்தத் தீவில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை, ஆனால் பிறகு பிறந்த தம்பி தங்கச்சிமாருக்காக எழுதுகிறோம். இலக்கத் தகடு இல்லாத, கறுப்புக் கண்ணாடி போட்ட வெள்ளை வான்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. பலர் திரும்பவில்லை. 2008 மார்ச்சில் ஹியூமன் றைட்ஸ் வோட்ச் அமைப்பு இலங்கையில் நடந்த காணாமலாக்கல்களைப் பற்றி ஒரு முழு அறிக்கை வெளியிட்டது. அதற்கு முதல், 2006 நவம்பரில், ஐக்கிய நாடுகள் சார்பில் இங்கே வந்த அலன் ரொக், கிழக்கில் கருணா குழு பிள்ளைகளைக் கடத்துவதையும் அதற்குப் பாதுகாப்புப் படையினர் சிலர் துணைபோவதையும் சொன்னார். புலிகளும் பிள்ளைகளைச் சேர்ப்பதை நிறுத்தவில்லை என்றும் சொன்னார். எங்களில் மூத்தவருக்கு அப்போது 10 வயது.

ஏன் வெள்ளை, ஏன் வான் என்று யோசித்தால் பதில் சாதாரணமானது, அதனால்தான் கூடப் பயம். யப்பானில் தொழிலுக்குச் செய்கிற வான்களில் பெரும்பகுதி வெள்ளை. அதனால் இங்கே இறங்கியதிலும் பெரும்பகுதி வெள்ளை. ஊருக்குள் ஆயிரம் வெள்ளை வான் ஓடும்போது ஒன்றை ஆர் அடையாளம் பிடிப்பது? பள்ளிக்கூடப் பிள்ளை ஏற, கிழவி ஏற, நெல் மூட்டை ஏற வசதி என்று வைத்த இழுவைக் கதவு, ஒரு ஆளை இரண்டு செக்கனில் உள்ளே இழுக்கவும் வசதியாயிற்று. இந்தியப் படங்களில் மாருதி ஒம்னி வந்தால் கடத்தல் காட்சி என்று சனம் சிரிக்கும். 796 சிசி எஞ்சின் வைத்த அந்தச் சின்ன வானை வைத்து எத்தனை பகிடி. எங்களுக்கு அந்தப் பகிடி விளங்க நெடுநாள் எடுத்தது.

2007இல் சண்டை படுவான்கரைக்குள் வந்தபோது உன்னிச்சைச் சனமும் இடம்பெயர்ந்தது. மாமா குடும்பத்தையும் அயலையும் நான்கு நடையில் ஏற்றிக்கொண்டு வாவியின் மற்றப் பக்கம், ஏறாவூர்ப் பக்க முகாம் ஒன்றுக்குப் போனார். அங்கே இருந்துகொண்டு ஆஸ்பத்திரி ஓட்டம், சாமான் ஓட்டம் என்று ஓடினார். ஒரு நாள் மாலை முகாமுக்குள் வானைத் திருப்பும்போது, பந்து அடித்துக்கொண்டிருந்த பெடியன்கள் எல்லாரும் பந்தை விட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவன் முள்ளுக்கம்பிக்குள்ளால் பூந்து முதுகெல்லாம் கிழிந்தது. அந்தப் பெடியன் மாமாவின் வானில்தான் இடம்பெயர்ந்து வந்தவன். ஆர் ஓட்டுகிறது என்று பார்க்க அவன் நிற்கவில்லை. வெள்ளை வான், கதவு இழுபடுகிற சத்தம், அது போதும்.

இரவு பூரா அவர் நித்திரை கொள்ளவில்லை என்று மாமி சொன்னா. மற்ற நாள் செங்கலடியில் ஒரு கராஜில் வானைக் கொண்டுபோய் விட்டார். ஒரு கிழமையில் வான் பச்சை நிறத்தில் வந்தது, கிளிப்பச்சை. பெயின்ட் நல்லதில்லை, கையால் அடித்த மாதிரிக் கோடு கோடாக இருந்தது. ஓட்டம் இல்லாத காலத்தில் அதற்குக் கொடுத்த காசு மாமியின் காப்பு. நிறம் மாற்றியதை வாகனப் புத்தகத்தில் பதிய அலைந்த அலைச்சல் தனிக் கதை. ஆனால் பச்சை வான் வந்தால் பிள்ளைகள் ஓடவில்லை. கொஞ்ச நாளில் கையைக் காட்டினார்கள். 20 வருச ஓட்டத்தில் எது சந்தோசமான ஓட்டம் என்று கேட்டோம். கதிர்காமம் என்பார், வெள்ளம் என்பார் என்று எதிர்பார்த்தோம். முகாம் வாசலிலிருந்து தண்ணித் தாங்கி வரைக்கும் அந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு முதல் கியரில் ஓடிய ஓட்டம் என்றார். 200 மீட்டர்.

யுத்தம் முடிந்த பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லலாம். ரோட்டுகள் பலதும் காபட் ஆயின. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தது, கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக இனித் தோணிப்பாதை தேவையில்லை. கேடிஎச் வான்கள் வந்தன. உள்ளே நீல லைட், பின்னுக்கு ஊபர் என்று பெரிய பெட்டி. எங்கட வயதுப் பெடியன்களும் காபட்டில் 100க்கு மேல் பிடித்துப் பார்த்தார்கள், சிலர் அதைப் போனில் எடுத்தும் போட்டார்கள். அதில் ஓட்டம் இல்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம், எங்களில் இரண்டு பேர் அந்த வீடியோக்களில் இருக்கிறோம். ஆனால் மூக்கில்லாத வாகனத்தில் முன்னுக்கு இடிபட்டால் முதலில் போவது முழங்கால், பின்னுக்கு இருக்கிறவர்களில் பலருக்குப் பெல்ட்டும் இல்லை. மாமா கேட்ட கேள்வியை இப்போது நாங்களும் கேட்கிறோம்: பின்னுக்கு ஆர் இருந்த?

2022 யூலையில் கியூஆர் முறை வந்தபோது வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். பழைய டொல்பினுக்கு அது மூன்று தரம் மட்டக்களப்புக்குப் போய்வர, ஊருக்குள் கொஞ்சம் ஓட. கிளினிக் நாளுக்கு ஒன்று, மற்ற இரண்டும் திடீர் வருத்தத்துக்கென்று மாமா வைத்திருந்தார். அந்த வருசம் அவர் ஓடிய ஓட்டம் அநேகமாக எல்லாம் கடன். அதற்குப் பிறகு கண்ணில் பூ விழுந்தது.

இப்போது விற்பனை. இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய வான்களின் விலை ஏறிப் போனது, திறந்த பிறகும் பெரிதாக இறங்கவில்லை. 30 வருசத்துக்கு மேற்பட்ட டொல்பினுக்கு இன்னும் ஆள் வருகிறது. நண்பன் படம் எடுத்துப் போட்டான். முதலில் வந்த கேள்வியே, "ஒறிஜினல் பெயின்ட்டா?" கம்பனி வெள்ளையாக இருந்தால் ஒரு விலை, பெயின்ட் அடித்தால் இன்னொரு விலை. அடித்த பெயின்ட்டுக்குக் கீழே இடிபட்ட தகரமும் புட்டியும் இருக்கும் என்று வாங்குகிறவன் நினைப்பது நியாயம்தான். சில லட்சம் குறையும். மாமியின் காப்புக்கும் சேர்த்து அது இரண்டாவது செலவு.

போன மாதம் தூரத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். நல்ல மனிசன். எஞ்சினைக் கேட்டார், புகையைப் பார்த்தார், கீழே படுத்து இலைவில்லைத் தட்டினார், எல்லாம் திருப்தி. மாமா பக்கத்தில் இருக்க, எங்கள் ஆறு பேரையும் பின்னுக்கு ஏற்றிக்கொண்டு குளக்கட்டு வரை ஓடிப் பார்த்தார். இறங்கியதும் கதவின் உள் மடிப்பில் நகத்தால் சுரண்டினார். பச்சை உரிந்து வெள்ளை தெரிந்தது.

"வெள்ள வான ஏன் தம்பி பச்ச அடிச்ச? அக்சிடென்ட்டா?"

நண்பன் அப்பாவைப் பார்த்தான். மாமா குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல அண்ணன்," என்றான், "இடிபடல."

அவர் விலையைக் குறைத்துத்தான் கேட்டார். வான் இன்னும் மாமரத்துக்குக் கீழேதான் நிற்கிறது.